தாய் விராலைக் குழம்பு வைக்கலாமா?

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்களுக்குள் சண்டை. வயலில் களையெடுப்புக்கு ஆள் விட்டுவிட்டுக் கரை மேல் வந்துகொண்டிருந்தேன், சத்தம் கேட்டு நின்றேன். சிங்கப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தம்பி ஒருவர் ரப்பர் தவளை மாட்டிய தூண்டிலில் ஒரு விராலைப் பிடித்திருக்கிறார். ஒரு முழத்துக்கு மேல் நீளம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பிடித்தவர் அதைத் திரும்பத் தண்ணீரில் விடப் போகிறார். மற்ற நாலு பேரும் விடக் கூடாது என்கிறார்கள்.

"கிலோ ஐந்நூறுன்னாலும் கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. எழுநூத்தம்பது ரூவாயைத் தண்ணிக்குள்ள போடுறியே, உனக்கென்ன கிறுக்கா?"

"குஞ்சோட நிக்குதுடா அது. அந்தா பாரு, செவப்பா."

கோரைப் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் மேல்பரப்பில் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல ஒரு வட்டம். உற்றுப் பார்த்தால் வட்டம் கொதிக்கிறது. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கின்றன.

"மேனேஜர் சார், நீங்க சொல்லுங்க" என்று ஒருவன் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டான். வங்கியை விட்டு வந்து எட்டு வருடம் ஆகிறது, இன்னும் ஊரில் நான் மேனேஜர் சார்தான். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் என் தப்பைச் சொல்லியாக வேண்டும்.

வங்கியில் இருந்தபோது மீன் வளர்ப்புக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். ஏக்கருக்கு இத்தனை குஞ்சு, இத்தனை தீவனம், இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்று திட்ட அறிக்கையில் இருக்கும். கையெழுத்துப் போடுவேன். ஒரு மீன்குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தது கிடையாது. ஓய்வு பெற்று மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்தபோது பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டேன். விரால் நான் விட்டதல்ல. மழையில் கண்மாய் கலுங்கு பாய்ந்த சமயம் வாய்க்கால் வழியாகத் தானாக ஏறி வந்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு குட்டையின் மூலையில் இதே சிவப்பு வட்டம் தெரிந்தது. அதற்கடியில் இரண்டு பெரிய விரால். வேலைக்கு வந்த பையன், "சார், குஞ்சு மேல தவளையைப் போட்டா ஒடனே கவ்வும்" என்றான். போட்டான். கவ்வியது. கால் மணி நேரத்தில் இரண்டாவதும். ருசியான குழம்பு. வந்திருந்த என் மகனும் மருமகளும் இரண்டு வேளை சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் வட்டம் இருந்தது. அதற்கடுத்த நாள் பாதிதான். குரவையும் ஜிலேபியும் கீழிருந்து அடிக்க, மீன்கொத்தி மேலிருந்து அடிக்க, தண்ணீர்ப் பாம்பு கரையோரமாகப் படுத்துக்கொண்டு தின்றது. அந்த வார முடிவில் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், எழுபத்தைந்து வயது, வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "வெதநெல்லைக் குத்திச் சோறாக்கிட்டீகளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த இரண்டு வருடம் என் குட்டையில் விரால் குஞ்சே தென்படவில்லை.

அவர் விதைநெல் என்றது எவ்வளவு சரி என்பது பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விரால் மற்ற மீனைப் போல முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து செடிகொடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்குகின்றன. முட்டை மிதக்கும். ஓரிரு நாளில் பொரிக்கும். அதன்பின் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் நின்று காவல் காக்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு சிவப்பு மாறி விரல் நீளம் வரும்வரை இந்தக் காவல் உண்டு. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் குஞ்சும் அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். அதனால்தான் அந்த வட்டம் நம் கண்ணில் படுகிறது, கொக்கின் கண்ணிலும் படுகிறது. அந்தச் சமயத்தில் தவளைப் பொம்மையைப் போட்டால் தாய் கவ்வுவது பசியால் அல்ல. பிள்ளையைத் தின்ன வந்த ஏதோ ஒன்று என்று நினைத்து அடிக்கிறது. எளிதாகப் பிடிபடுவதற்குக் காரணம் அதன் பாசம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிப் பிடிப்பதைத் திறமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, குஞ்சோடு நிற்கும் மீனை விடுவது நியாயம் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். குஞ்சில்லாத சமயத்திலும் பெரிய மீனை விட வேண்டும் என்கிறார்களே, அது ஏன்? தூண்டில்காரர்களுக்குள் நடக்கும் உண்மையான சண்டை இதில்தான். நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது நேர் எதிர்: குட்டி மீனை விடு, பெரிசைப் பிடி. பாதி சரி. ஒரு தடவையாவது முட்டையிடாத மீனைப் பிடிக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் பெரியது இனி எதற்கு, அதன் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடையில் இரண்டு மடங்காவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடுவதால் எட்டு மடங்காகிறது. முட்டை இருப்பது வயிற்றுக்குள். அதுவும் அதே கணக்கில் கூடும் என்றுதான் நினைப்போம். 2018-ல் சயின்ஸ் இதழில் 342 கடல்மீன் இனங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, எடை கூடுவதைவிட வேகமாக முட்டை கூடுகிறது என்று காட்டியது. அவர்கள் கொடுத்த உதாரணம்: 30 கிலோ எடையுள்ள ஒரு காட் மீனின் முட்டை, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடும் முட்டையைவிட அதிகம். 28 மீனையும் தராசில் போட்டால் 56 கிலோ. அதாவது பாதி எடையில் ஒரே தாய் அத்தனையையும் மிஞ்சுகிறாள். வைப்புத்தொகை கூடக் கூட வட்டி விகிதமும் கூடுகிற ஒரு திட்டத்தை எந்த வங்கியும் எனக்குக் காட்டியதில்லை. மீன் வயிற்றில் அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதுதான் நம்மைப் போன்ற விதைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நாம் பாரம்பரிய நெல்லில் விதை எப்படி எடுக்கிறோம்? வயலின் நடுவே, கலப்பில்லாத, திரண்ட, நன்றாக முற்றிய கதிரைத் தேடி எடுத்துத் தனியாகக் காயவைத்து, வேப்பிலை நொச்சி போட்டு வைக்கிறோம். மிச்சம்தான் சோற்றுக்கு. மீனில் மட்டும் திரண்டதை எல்லாம் தின்றுவிட்டுச் சூம்பிப் போனதை விதைக்கு விடுகிறோம். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் டேவிட் கானோவர், ஸ்டெஃபான் மன்ச் என்ற இருவர் தொட்டியில் வளர்த்தே பார்த்தார்கள். சின்னக் கடல்மீன் ஒன்று. ஒரு தொட்டியில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன் 90 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் சிறியது 90 சதவீதத்தை. நாலே தலைமுறையில் முதல் தொட்டி மீனின் சராசரி எடை, இரண்டாவது தொட்டி மீனில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2002-ல் வந்த முடிவு இது. "முன்ன மாதிரி பெரிய மீனு இப்பக் கெடைக்கிறதில்ல" என்று கரையில் உட்கார்ந்து அலுத்துக்கொள்ளும்போது எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். வயலில் அடிக்கும் மருந்து மடை வழியாக எங்கே போகிறது என்பது இந்த இதழை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை வைத்துத்தான் சில நாடுகளில் தூண்டில்காரர்களுக்கு இரண்டு பக்கமும் எல்லை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரெட் டிரம் என்ற மீனை 18 அங்குலத்துக்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், 27 அங்குலத்துக்கு மேலே இருந்தாலும் விட வேண்டும். இடைப்பட்டதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நம் கணக்கில் ஒரு முழத்திலிருந்து ஒன்றரை முழம். டேப் கூடத் தேவையில்லை.

இனி கரையில் நடந்த வாதத்துக்கு வருகிறேன். எதிர்த்துப் பேசிய பையன்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் விஷயம் இருந்தது.

"நான் விட்டா அடுத்த ஆளு பிடிச்சிட்டுப் போயிருவான்." பொதுக் கண்மாயில் இதற்கு ஒரு ஆள் தனியாகப் பதில் சொல்ல முடியாது. என் குட்டையில் நான் விட்டால் அது என் மீன். கண்மாயில் தனி ஒருவன் விடுவது, பத்துப் பேர் ஜாமீன் போட்ட கடனை ஒருத்தன் மட்டும் கட்டுகிற மாதிரி. எல்லோரும் சேர்ந்து பேசினால்தான் உண்டு.

"கோடையில கண்மாய் வத்திரும். மீன்பிடித் திருவிழா அன்னைக்கு ஊத்தாவைத் தூக்கிட்டு ஊரே எறங்கும். விட்டு என்ன பிரயோஜனம்?" கட்லாவுக்கு இது சரி. விராலுக்குச் சரியில்லை. வற்றினாலும் அது ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழையில் எழுந்துவரும். சேற்றை மண்வெட்டியால் கொத்தியபோது உயிரோடு விரால் கிடைத்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும். ஆனால் உள்வாயில் ஒரு மடுவாவது ஆழமாக இருக்க வேண்டும். டிராக்டர் வைத்து ஒரே மட்டமாகக் கரம்பை அள்ளிய கண்மாயில் அதுவும் கஷ்டம்தான்.

"பெரிய விரால் குட்டி விராலையே திங்கும்." உண்மை. தின்னும். அதற்காகத் தாயைக் கொல்வது கணக்குக்குச் சரிவராது. தின்றது போகவும் மிச்சம் இருக்கும்படியாகத்தான் அது முட்டையிடுகிறது.

கடைசியாக, அதுவரை பேசாமல் நின்ற ஒரு பையன் கேட்டதுதான் எனக்குத் தைத்தது. "பசிக்குப் பிடிச்சுத் திங்கிறது பாவமில்ல சார். வாயில முள்ளைக் குத்தி இழுத்து, போட்டோ எடுத்துட்டு விடுறாங்களே, அதுதான் பாவம்." இப்படி யோசிக்கிற நாடும் இருக்கிறது. திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்தில் சட்டமே அனுமதிப்பதில்லை. மீனை வைத்து விளையாடாதே, பிடித்தால் தின்னு என்கிறார்கள். எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். பொழுதுபோக்குக்காக நாள் முழுக்கப் பத்து மீனைப் பிடித்துப் பத்தையும் விடுவதில் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் குழம்புக்குத் தூண்டில் போட்ட இடத்தில் தாய் மீன் மாட்டினால், அதை விடுவது விளையாட்டில் சேராது. சிங்கப்பூர்த் தம்பிக்கு நான் இப்படிச் சொன்னதில் கொஞ்சம் வருத்தம். இன்னும் பேசுகிறார், பரவாயில்லை.

இதை வாசித்துவிட்டுப் பண்ணைக்குட்டையில் வளர்ந்த கட்லாவையெல்லாம் யாரும் விட்டுவைக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: அந்த மீன் அந்தத் தண்ணீரில் குஞ்சு பொரிக்குமா?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கிய குட்டையில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. அதனால்தான் ஒரு காலத்தில் ஆற்றில் போய்க் குஞ்சு அள்ளி வந்தார்கள். 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி சுரப்பிநீர் ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைத்தார். அந்த ஜூலை 10-ஐத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக, உங்கள் குட்டையில் ஐந்து கிலோ கட்லா ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் அது தாயும் இல்லை, விதையும் இல்லை. தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்றுகொண்டு மற்றதை வளரவிடாமல் நிற்கிறது. வளர்ச்சி குறையும்போதே பிடித்து விற்றுவிடுங்கள். நான் முதலில் பெரிசாகட்டும் பெரிசாகட்டும் என்று விட்டுவைத்து நஷ்டப்பட்டேன்.

ஜிலேபி இதற்கு நேர்மாறு. வாயிலேயே முட்டையை வைத்துக் காத்து, சின்ன வயதிலேயே பெருகி, குட்டை முழுக்க உள்ளங்கை அளவு மீனாக நிரப்பிவிடும். சின்னது பெரியது பார்க்காமல் பிடியுங்கள். தின்றது போக மிஞ்சினால் சம எடை வெல்லம் போட்டு மீன் அமிலம் ஆக்கலாம். ஆப்பிரிக்கத் தேளி மாட்டினால் எக்காரணம் கொண்டும் திரும்ப விடாதீர்கள். அரசு வளர்க்கத் தடை செய்த மீன் அது. நம் கெளுத்தி, அயிரை, குரவை எல்லாவற்றையும் காலி செய்துவிடும். விரால், குரவை, நாட்டுக் கெளுத்தி, பனையேறிக்கெண்டை, இவைதான் நம் குட்டையிலும் கண்மாயிலும் தாங்களாகவே பெருகக்கூடியவை. பெரியதை விடும் பேச்சு இவற்றுக்குத்தான்.

விடுவது என்று முடிவு செய்தால் ஒழுங்காக விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கையாலும் துணியாலும் பிடித்தால் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும், பிறகு புண் பிடிக்கும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்காதீர்கள். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமுக்கி மட்டமாக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். மூன்று கொக்கி முள் வேண்டவே வேண்டாம். தொண்டைக்குள் முள் இறங்கிவிட்டால் பிடுங்கக் கூடாது, நரம்பை அறுத்துவிட்டு விட வேண்டும். இரத்தம் கொட்டினால் அது பிழைக்காது, குழம்புக்குக் கொண்டுபோங்கள். விரால் காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் கொஞ்ச நேரம் வெளியே தாங்கும். காற்றைக் குடிக்காத மீன்கள் அப்படித் தாங்காது. குஞ்சோடு நின்ற மீனை எங்கே பிடித்தீர்களோ அதே இடத்தில் விடுங்கள். பத்தடி தள்ளி விட்டால் அது திரும்பி வருவதற்குள் ஜிலேபி வேலையை முடித்துவிடும்.

விட்டால் மட்டும் போதாது என்பதற்குக் காவிரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மகசீர் என்ற பெருங்கெண்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1946-ல் கபினியில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு மகசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார், அதாவது 54 கிலோ. பிற்காலத்தில் கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில் பிடித்த மகசீரை எடைபோட்டு எழுதிக்கொண்டு திரும்ப விடுவதையே விதியாக வைத்துத் தூண்டில் முகாம்கள் நடந்தன. வெடி வைத்துப் பிடிப்பவர்களையும் காவல் போட்டுத் தடுத்தார்கள். நல்ல வேலை. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதிய கணக்கைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் மகசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். வேறு ஆற்றைச் சேர்ந்தது. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து, நல்லது செய்வதாக நினைத்துக் காவிரியில் கொண்டுவந்து விட்டது. 2018-ல்தான் கூன்முதுகு மகசீரின் அறிவியல் பெயரே தோர் ரெமாதேவி என்று உறுதியானது. பெயர் தெளிவான அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலிலும் சேர்ந்தது. இப்போது நம் நீலகிரிப் பக்கம் மோயாற்றில் மிச்சம் இருக்கிறது.

மாப்பிள்ளைச் சம்பா வயலுக்குள் வெளிவிதை கலந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு இது புரியாமல் போகாது. அதனால் விரால் குறைந்துவிட்டது என்று உடனே எங்கிருந்தோ குஞ்சு வாங்கிக் கண்மாயில் கொட்டுவதற்கு முன்னால், இருக்கிற தாயை விட்டுவைத்து இரண்டு மழை பார்க்கலாம் என்பது என் கட்சி.

கார்த்திகை ஞாயிறு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "எழுநூத்தம்பது ரூபாயை நான் தர்றேன், விடுங்க." சொல்லியிருக்கக் கூடாது. பணத்தை வாங்க யாரும் தயாரில்லை, எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க வெல குடுத்து விடணுமா, எங்க கண்மாய் மீனுக்கு?" என்று விடாதே என்றவனே மீனை வாங்கிச் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் இறக்கி விட்டான். அது ஒரு நொடி அசையாமல் நின்றது. வாலை ஒரு அடி அடித்துக் கோரைக்குள் போனது.

அதற்குப் பிறகு மீன்பாசி ஏலம் எடுத்தவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினோம். அவர் பணம் போட்டவர், வருடம் முழுக்கப் பெரிய மீனை விடச் சொல்ல முடியாது. கடைசியில் ஒத்துக்கொண்டது: ஐப்பசி முதல் தை வரை சிவப்பு வட்டம் இருக்கும் இடத்தில் யாரும் தூண்டிலோ வலையோ போடுவதில்லை. அந்த நாலு மாதமும் ஒன்றரைச் சாணுக்குக் கீழேயும் ஒரு முழத்துக்கு மேலேயும் உள்ள விராலை விட்டுவிடுவது. கோடையில் அவர் இஷ்டம், ஆனால் வடக்கு மடையோரம் உள்ள மடுவை இறைக்கக் கூடாது. எழுதியெல்லாம் வைக்கவில்லை. மீறியவர்கள் உண்டு, எனக்குத் தெரிந்து மூன்று பேர். அதில் ஒருவர் என் சொந்தக்காரர்.

என் குட்டையில் இந்த மாசி மாதம் வலை இழுத்தபோது கட்லா, ரோகுவோடு விரல் தடிமனில் விரால் குட்டி நாற்பத்தொன்று வந்தது. எண்ணிப் பார்த்துத் திரும்ப விட்டேன். வரப்பில் நின்றிருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "குழம்புக்கு எப்பக் கூப்பிடுவீக?" என்று கேட்டார். அடுத்த பங்குனிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.